ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியா, ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு 2021 பிப்ரவரியில் வந்தது. அதன் வாரிசு ஆர்டிஎக்ஸ் 4060 வந்தது 2023 ஜூன் கடைசியில். பட்ஜெட்டில் கேமிங் பிசி கட்டுகிறவர்கள் இன்றைக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். புதுக் கார்டு வேகம், பழைய கார்டில் மெமரி அதிகம் என்பதுதான் சிக்கல். கீழே வெறுமனே 3060 என்று வரும் இடமெல்லாம் 12 ஜிபி கார்டையே குறிக்கும். 8 ஜிபி 3060 என்று ஒன்று உண்டு, அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது வேகம்?

4060. பல கேம்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், 1080பி ரெசல்யூஷனில் சுமார் 18 முதல் 20 சதவீதம் முன்னால் நிற்கும். 3060-இல் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை ஃப்ரேம், அதாவது படம்) வரும் இடத்தில் இதில் 71, 72 வரும். 1440பி-க்குப் போனால் இடைவெளி கொஞ்சம் சுருங்கும். ஃப்ரேம் ஜெனரேஷனை (நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவில் கற்பனை ஃப்ரேமைச் செருகும் வசதி) அணைத்துவிட்டுப் போடும் கணக்கு இது.

இந்த 20 சதவீதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கேம் கேட்கும் மெமரி 8 ஜிபிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஆட்டமே தலைகீழ். கீழே வரும் பதில்களில் பாதி அந்த நிபந்தனையைச் சுற்றியே ஓடும்.

3060-இல் 3584 கூடா கோர் (கணக்குப் போடும் சிறு யூனிட்). 4060-இல் 3072 மட்டுமே. கோர் குறைந்தும் வேகம் எப்படிக் கூடியது?

கிளாக், அதாவது சிப் துடிக்கும் வேகம்தான் காரணம். 3060 சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்த சிப், அதன் பூஸ்ட் கிளாக் 1777 மெகாஹெர்ட்ஸ். 4060 டிஎஸ்எம்சியின் 4என் முறையில் செய்தது, பூஸ்ட் 2460 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு கோரும் ஒரு கிளாக்கில் இரண்டு கணக்குப் போடும். கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, அதைக் கிளாக்கால் பெருக்கினால் 3060-க்கு 12.7 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு இத்தனை லட்சம் கோடி தசமக் கணக்கு) வரும், 4060-க்கு 15.1. வித்தியாசம் ஏறக்குறைய 19 சதவீதம். கேம்களில் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதுவே.

இது ஒத்துவந்ததைப் பார்த்துவிட்டு எல்லாக் கார்டையும் டெராஃப்ளாப்ஸ் வைத்து எடைபோடக் கிளம்பிவிடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ 13.4 டெராஃப்ளாப்ஸ், ஆர்டிஎக்ஸ் 3070 20.3. காகிதத்தில் 50 சதவீதம் வித்தியாசம், கேமில் இரண்டும் தோளோடு தோள். 30 வரிசையில் என்விடியா கோர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியது, ஆனால் அதில் பாதிக் கோர்கள் முழு எண் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. கேம் முழு எண் வேலை கொடுக்கும் நேரமெல்லாம் அவை தசம வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடும். 20 வரிசையில் முழு எண்ணுக்குத் தனி யூனிட்டுகள் இருந்தன. டெராஃப்ளாப்ஸ் ஒப்பீடு ஒரே குடும்பத்துக்குள் உதவும், தலைமுறை தாண்டினால் காலை வாரிவிடும். 3060-க்கும் 4060-க்கும் ஒத்துவந்ததற்குக் காரணம், இந்த ஏற்பாடு இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பதுதான்.

மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவில் தகவல் போகும் வழி) 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்துவிட்டது. இது ஏமாற்று வேலை இல்லையா?

பாதி ஆமாம், பாதி இல்லை.

முதலில், நொடிக்கு எத்தனை ஜிபி தகவல் போகும் என்ற கணக்கைப் பார்ப்போம். பஸ் அகலத்தை எட்டால் வகுத்து, மெமரி வேகத்தால் (ஒரு பிட் வழியில் நொடிக்கு எத்தனை ஜிகாபிட்) பெருக்க வேண்டும். 3060-க்கு 192-ஐ 8-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் நொடிக்கு 360 ஜிபி. 4060-க்கு 128-ஐ 8-ஆல் வகுத்து 17-ஆல் பெருக்கினால் 272 ஜிபி. புதுக் கார்டில் இது கால் பங்கு குறைவு.

இதை ஈடுகட்ட என்விடியா செய்தது, சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆக்கியது. அடிக்கடி தேவைப்படும் தகவல் சிப்புக்குள்ளேயே கிடைத்துவிட்டால் வெளியில் இருக்கும் மெமரி வரை ஓட வேண்டியதில்லை. 1080பி-யில் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடுகிறது. ரெசல்யூஷன் கூடக் கூட ஒரு ஃப்ரேமுக்கு வேண்டிய தகவலும் கூடும், 24 எம்பியில் அடங்காமல் வழியும். 1440பி-யிலும் 4கே-யிலும் 4060-இன் முன்னிலை சுருங்குவது இதனால்தான்.

இன்னொரு மனக்குறையும் நியாயமானதே. 3060-இன் ஜிஏ106 சிப் 276 சதுர மில்லிமீட்டர், 4060-இன் ஏடி107 வெறும் 159. பெயரில் 107 என்று முடியும் சிப்பை, எண் 50-இல் முடியும் மலிவுக் கார்டுகளில் பார்த்துப் பழகியவர்கள் இதை "பெயர் மாற்றிய 4050" என்று திட்டினார்கள். வெளியீட்டு விலை 329 டாலரிலிருந்து 299 ஆக இறங்கியதால் அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

பழைய கார்டில் 12 ஜிபி கொடுத்துவிட்டு, புதுசில் ஏன் 8 ஆகக் குறைத்தார்கள்? 10 கொடுத்திருக்கலாமே?

கொடுக்க முடியாது. ஒவ்வொரு மெமரி சிப்பும் 32 பிட் அகலம். 192 பிட் பஸ்ஸில் ஆறு சிப் உட்காரும், 128 பிட்டில் நான்கு. ஜிடிடிஆர்6 சிப்புகள் 1 ஜிபி, 2 ஜிபி என்ற அளவுகளில்தான் வந்தன. ஆக, 3060-க்கு 6 அல்லது 12, 4060-க்கு 4 அல்லது 8. போர்டின் பின்பக்கமும் சிப் வைத்தால் இரட்டிப்பாகும். 4060 டிஐ-யின் 16 ஜிபி கார்டை அப்படித்தான் செய்தார்கள்.

2021-இல் 3060-க்கு 6 ஜிபி வைத்தால் வெளியீட்டு நாளிலேயே கேலிக்கு ஆளாகியிருக்கும். அதனால் 12 வைத்தார்கள். தாராள மனசு என்று நினைக்க வேண்டாம், கணக்கு அப்படி விழுந்தது. அந்தச் சமயம் அதைவிட விலை கூடிய 3060 டிஐ-யிலும் 3070-லும் 8 ஜிபிதான் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

8 ஜிபி நிரம்பினால் சரியாக என்னதான் நடக்கும்?

கேம் உடனே நின்றுவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். வழியும் தகவலை டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), கம்ப்யூட்டரின் ரேமுக்குத் தள்ளிவிடும். தேவைப்படும்போது, கார்டை மதர்போர்டோடு சேர்க்கும் பிசிஐஇ வழியாக இழுத்துக்கொள்ளும். கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 272 ஜிபி கொடுக்கும் இடத்தில், 4060-இன் பிசிஐஇ 4.0 எட்டு லேன் வழி கொடுப்பது சுமார் 16 ஜிபி.

திரையில் இதைப் பார்த்தால் இப்படி இருக்கும். நேர்ப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே 75 எஃப்பிஎஸ் என்று காட்டும். ஒரு கதவைத் திறந்து புது இடத்துக்குள் நுழைகிறீர்கள். படம் ஒரு கணம் உறைந்து நகரும். 13 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்த ஃப்ரேம், அந்த ஒரு தடவை 90 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். எண்ணைப் பார்த்தால் 70-க்குப் போய்த் திரும்ப 75-க்கு வந்திருக்கும். கையில் மவுஸ் வைத்திருப்பவருக்கு அது தெளிவாகத் தெரியும், பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) அட்டவணையின் சராசரியில் அது கரைந்துபோகும்.

இரண்டாவது விதம் இன்னும் நைசானது. சில கேம்கள் திக்காது, டெக்ஸ்சரின் (பொருள்களின் மேல் ஒட்டும் படத்தின்) தரத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். செட்டிங்கில் அல்ட்ரா என்றுதான் இருக்கும், எதிரே இருக்கும் செங்கல் சுவர் மட்டும் சேறு பூசியதுபோல் மங்கலாக நிற்கும். ஹாக்வார்ட்ஸ் லெகசி கேமில் 8 ஜிபி கார்டுகளில் இதைப் பலர் பார்த்தார்கள். இரண்டு கார்டிலும் ஒரே எஃப்பிஎஸ் வந்தாலும் இரண்டும் ஒரே படத்தைக் காட்டவில்லை என்றால் அந்த ஒப்பீட்டுக்கு என்ன மதிப்பு?

2023 மார்ச்சில் பிசிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1, முதல் வாரங்களில் 8 ஜிபி கார்டுகளைப் படாதபாடு படுத்தியது. பிறகு வந்த பேட்ச்கள் நிறையச் சரிசெய்தன. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமில் டெக்ஸ்சர் பூல் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதை 8 ஜிபி தாங்காத அளவுக்கு ஏற்றினால் 4060 படுத்துவிடும், 3060 அசராமல் ஓடும். அதே செட்டிங்கை ஒரு படி இறக்கினால் 4060 மறுபடி முன்னால் போய்விடும். 20 சதவீத வெற்றியும் படுதோல்வியும் ஒரே கேமில், ஒரே கார்டில், ஒரு செட்டிங் தூரத்தில் இருக்கின்றன.

என் கேம் 8 ஜிபியைத் தாண்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பர்ஃபாமன்ஸ் பக்கம் போய் ஜிபியு-வை (கிராஃபிக்ஸ் சிப்) தேர்ந்தெடுங்கள். கார்டின் சொந்த மெமரி ஒரு கோடாகவும், ரேமிலிருந்து கடன் வாங்கிய பகிர்வு மெமரி இன்னொரு கோடாகவும் தெரியும். கேமை அரை மணி நேரம் ஆடிவிட்டுப் பாருங்கள். சொந்த மெமரி உச்சியில் தட்டையாகப் படுத்துக்கொண்டு, பகிர்வு மெமரி ஏறிக்கொண்டே போனால் வழிகிறது என்று அர்த்தம். மெனுவில் நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

12 ஜிபி கார்டில் 9.5 ஜிபி காட்டுகிறதே, அப்படியானால் 8 ஜிபி போதாதா என்றும் கேட்பார்கள். அவசியமில்லை. இடம் இருந்தால் கேம் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒதுக்கி வைப்பது வேறு, உண்மையில் தேவைப்படுவது வேறு.

என்னுடையது பழைய மதர்போர்டு. 4060 போட்டால் வேகம் குறையுமா?

4060-க்கு எட்டு பிசிஐஇ லேன்தான், 3060-க்குப் பதினாறு. பிசிஐஇ 4.0 போர்டில் இதை மறந்துவிடலாம். 3.0 போர்டில் 4060-இன் வழி பாதியாகி நொடிக்குச் சுமார் 8 ஜிபி ஆகிவிடும். மெமரி வழியாதவரை நஷ்டம் சில சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. வழிய ஆரம்பித்தால், ஏற்கெனவே நெரிசலாக இருந்த ரோட்டில் ஒரு பக்கத்தை மூடிவிட்ட கதை.

பி450 போர்டு, இன்டெலின் பத்தாம் தலைமுறை வரைக்குமான போர்டுகள் எல்லாம் 3.0. போர்டு 4.0 ஆக இருந்தாலும் ரைசன் 5 5600ஜி ப்ராசசர் 3.0-தான் கொடுக்கும். ஆரம்பத்தில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்காமல் 5600ஜி-யை வைத்து ஓட்டிவிட்டு, "அப்புறம் கார்டு போட்டுக்கலாம்" என்று நினைத்தவர்கள் நம் பக்கம் ஏராளம். அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சராசரி எஃப்பிஎஸ், 1 சதவீத லோ என்று இரண்டு எண் போடுகிறார்கள். எதைப் பார்ப்பது?

இரண்டையும் பாருங்கள், 1 சதவீத லோவை முதலில் பாருங்கள். 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு நிமிடம் ஆடினால் 3600 ஃப்ரேம். அதில் மிக மெதுவாக வந்த 36 ஃப்ரேம் எப்படி இருந்தன என்பதை இந்த எண் சொல்லும். மேலே சொன்ன கதவு திறக்கும் இடத்துத் திக்கல் அந்த 36-க்குள்தான் ஒளிந்திருக்கும். ஒரு கார்டுக்கு சராசரி 80, லோ 35. இன்னொன்றுக்கு சராசரி 70, லோ 58. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணை எல்லா மென்பொருளும் ஒரே விதமாகக் கணக்கிடுவதில்லை. சிலது கடைசி 1 சதவீதத்தின் சராசரியைக் காட்டும், சிலது அந்த எல்லைக்கோட்டை மட்டும் காட்டும். ஒருவர் போட்ட லோவையும் வேறொருவர் போட்ட லோவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

யூடியூபில் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டும் வீடியோக்களை நம்பலாமா?

கார்டையே கையில் காட்டாமல், குரலும் இல்லாமல், பின்னணி இசையோடு மூலையில் எண்கள் மட்டும் ஓடும் வீடியோ என்றால் நகர்ந்துவிடுங்கள். அந்த எண்களை எடிட்டிங்கில் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். வெளிவராத கார்டுக்கெல்லாம் அப்படி வீடியோ வந்திருக்கிறது.

மற்றபடி, எந்த ப்ராசசர், என்ன ரெசல்யூஷன், என்ன செட்டிங், கேமின் எந்த இடம் என்று சொல்கிறார்களா பாருங்கள். ஃப்ரேம் டைம் வரைபடம் காட்டினால் இன்னும் நல்லது. எட்டு நிமிட வீடியோவில் ஒவ்வொரு கேமுக்கும் 40 நொடி என்றால் மெமரி நிரம்பவே நேரம் இருக்காது. 8 ஜிபி கார்டு அங்கே எப்போதும் ஜோராகத்தான் ஓடும்.

நானே சோதிக்க வேண்டுமானால்?

ஃப்ரேம்களை அளக்கும் கேப்ஃப்ரேம்எக்ஸ் மென்பொருள் இலவசம், அது போதும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் சரி. உள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கும் கேம் என்றால் முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு அடுத்த மூன்றின் நடு எண்ணை எடுங்கள். முதல் ஓட்டத்தில் ஷேடர் (ஜிபியு ஓட்டும் சிறு நிரல்) தயாராகும் திக்கல் சேர்ந்துவிடும். ஏசி அறையில் ஒரு கார்டையும் மே மாதப் புழுக்கத்தில் இன்னொன்றையும் சோதிக்காதீர்கள், சூடானால் கிளாக் இறங்கும்.

ஃப்ரேம் ஜெனரேஷன் 4060-இல் மட்டும்தானே? அதற்காகவே வாங்கலாமா?

டிஎல்எஸ்எஸ் (ஏஐ உதவியோடு எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் என்விடியாவின் தொழில்நுட்பம்) ஃப்ரேம் ஜெனரேஷன் 40 வரிசையிலிருந்துதான். 3060-க்குக் கிடையாது. கம்பெனி விளம்பரப் படங்களில் 4060 பட்டை 3060 பட்டையைவிட எங்கோ உயரத்தில் நிற்பதற்கும் இதுவே காரணம். ஒன்றில் அதைப் போட்டுவிட்டு இன்னொன்றில் போட வழியில்லாமல் அளந்தது அது.

இரண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவில் ஒரு ஃப்ரேமைக் கற்பனையாகச் செருகுவதுதான் வேலை. நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த நிஜ ஃப்ரேம் தயாராகி, காத்திருக்க வேண்டும். அதனால் படம் வழுக்கிக்கொண்டு போகும், கை அசைவுக்குத் திரை பதில் சொல்வது மட்டும் கொஞ்சம் தாமதமாகும். ஏற்கெனவே 60 எஃப்பிஎஸ் வந்து, அதை 100 சொச்சமாக ஏற்றினால் அருமையாக இருக்கும். 35 வருவதை 60 ஆக்கினால் பார்ப்பவருக்கு 60, ஆடுபவருக்கு 35-க்கும் கீழே. வாலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரிப் போட்டி கேம்களில் தொடவே வேண்டாம்.

இதற்கும் மெமரி வேண்டும் என்பதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. 8 ஜிபியின் விளிம்பில் ஓடும் கேமில் இதைப் போட்டால் வழியத் தொடங்கும்.

3060 வைத்திருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஏஎம்டியின் இதே மாதிரித் தொழில்நுட்பமான எஃப்எஸ்ஆர் 3 உள்ள கேம்களில் அந்த ஃப்ரேம் ஜெனரேஷன் 3060-லும் ஓடும். 2025 ஜனவரியில் வந்த டிஎல்எஸ்எஸ் 4-இன் புது அப்ஸ்கேலிங் (சிறிய படத்தைப் பெரிதாக்கும்) மாடல் எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுக்கும் உண்டு. பழைய கார்டில் அது கொஞ்சம் கூடுதல் எஃப்பிஎஸ்ஸைத் தின்னும், அவ்வளவுதான்.

இரண்டு கார்டிலும் எனக்கு ஒரே எஃப்பிஎஸ் வருகிறது. ஏன்?

ப்ராசசர் திணறுகிறது. ஜிபியு பயன்பாடு 95 சதவீதத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தால் கார்டு சும்மா காத்திருக்கிறது என்று பொருள். ரெசல்யூஷனை ஏற்றிப் பாருங்கள், எஃப்பிஎஸ் குறையவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பணத்தை ப்ராசசரில் போடுங்கள்.

கரண்ட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), யுபிஎஸ்?

3060 170 வாட், 4060 115 வாட். இந்த ஒப்பீட்டில் 4060 சண்டையே இல்லாமல் ஜெயிக்கும் இடம் இது. 55 வாட் வித்தியாசத்தில் தினமும் நான்கு மணி நேரம் ஆடினால் வருடத்துக்கு 80 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால், ஒவ்வொரு பில்லிலும் 13 யூனிட் சொச்சம். பணமாகப் பார்த்தால் பெரிதில்லை, ஆனால் நீங்கள் அடுத்த ஸ்லாபின் வாசலில் நிற்பவராக இருந்தால் அந்தப் 13 யூனிட்டே தள்ளிவிடும்.

யுபிஎஸ் விஷயத்தில் இன்னும் தெரியும். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும். 3060, ப்ராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து கேம் ஓடும்போது 300-ஐத் தொட்டுவிடும். கரண்ட் போனதும் யுபிஎஸ் கத்திக்கொண்டே அணைந்துவிட்டது என்ற புகார் வருவது இதனால்தான். 4060 இருந்தால் சேவ் செய்து வெளியே வர நேரம் கிடைக்கும்.

எஸ்எம்பிஎஸ் இரண்டுக்குமே என்விடியா சொல்வது 550 வாட். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் எந்தக் கார்டையும் மாட்டாதீர்கள்.

வீடியோ எடிட்டிங், பிளெண்டர் (3டி மென்பொருள்)?

யூடியூபுக்கு லைவ் போடுபவர்களுக்கு 4060. ஏவி1 என்ற வீடியோ சுருக்கும் முறையில் என்கோட் செய்யும் வசதி அதில்தான் உண்டு. 3060 ஏவி1-ஐப் படிக்கும், எழுதாது. பிளெண்டரிலும் ரெண்டர் வேகத்தில் 4060 கேமைவிட அதிக வித்தியாசத்தில் முந்தும், அதன் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்க் கணக்குப் போடும்) கோர்கள் ஒரு தலைமுறை புதியவை. சீன் பெரிதாகி 8 ஜிபியைத் தாண்டினால் மட்டும் 3060 பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டப்போகிறேன். எது?

3060. இங்கே தயக்கமே இல்லை.

மொழி மாடல் ஒவ்வொரு டோக்கனை (சொல் துண்டு) எழுதும்போதும் தன் முழு எடைகளையும் (அளவுருக்கள் என்றும் சொல்வார்கள்) ஒருமுறை மெமரியிலிருந்து படித்தாக வேண்டும். 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி. நொடிக்கு 360 ஜிபி படிக்கும் கார்டு உச்சபட்சமாக 72 முறை படிக்கும், 272 ஜிபி படிக்கும் கார்டு 54 முறை. நிஜத்தில் இரண்டுமே இதற்குக் கீழேதான் கிடைக்கும், ஆனால் வரிசை மாறாது. கேமில் கைகொடுத்த 24 எம்பி கேஷ் 5 ஜிபிக்கு முன்னால் எம்மாத்திரம்? கேமில் பின்தங்கும் பழைய கார்டு, இங்கே புதுக் கார்டை முந்துகிறது.

அடுத்த படி 1400 கோடி அளவுரு மாடல். 4 பிட்டில் சுமார் 9 ஜிபி. 3060-இல் உட்காரும். 4060-இல் ஒரு பகுதி ரேமுக்குப் போய்விடும், பதில் எழுத்தெழுத்தாகச் சொட்டும்.

படம் வரையும் மாடல்களில் கணக்கு வேறு. அங்கே கணக்குப் போடும் வேகம்தான் முக்கியம் என்பதால், மாடல் 8 ஜிபிக்குள் அடங்கினால் 4060 வேகம். எஸ்டிஎக்ஸ்எல் என்ற பட மாடல் அந்த விளிம்பில் நிற்கும். துணை மாடல்கள் இரண்டைச் சேர்த்தால் வழிந்துவிடும்.

3060 8 ஜிபி மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். 2022 கடைசியில் வந்த அந்தக் கார்டின் பஸ் 128 பிட், நொடிக்கு 240 ஜிபி. 4060-இன் பெரிய கேஷும் அதில் கிடையாது. இரண்டு கார்டின் குறைகளையும் ஒன்றாகச் சேர்த்து அதே பெயரில் விற்றார்கள். பெட்டியில் 3060 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், 8 ஜிபி என்பது ஓரத்தில் இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் 3060 வாங்கலாமா? எல்லாம் மைனிங்கில் அடிபட்டவை என்கிறார்களே?

எல்லாம் இல்லை, நிறைய. ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் (கார்டை ஓயாமல் கணக்குப் போடவைத்து நாணயம் சம்பாதிப்பது) வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பூட்டோடு வந்த முதல் கார்டு 3060. வெளியான அடுத்த மாதமே, என்விடியா தவறுதலாக வெளியிட்ட 470.05 பீட்டா டிரைவர் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. 2022 செப்டம்பர் 15-இல் ஈத்தரியம் மைனிங்கையே கைவிட்ட பிறகு கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன.

மைனிங்கில் ஓடியதாலேயே சிப் கெட்டுவிடாது. ஃபேனும் தெர்மல் பேடும்தான் தேயும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தெரிந்தவரிடமோ, எங்கே வாங்கினாலும் கார்டை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் மென்பொருளில் சிப் ஜிஏ106 (சில நிஜக் கார்டுகளில் ஜிஏ104), பஸ் 192 பிட், மெமரி 12288 எம்பி என்று இருக்கிறதா பாருங்கள். போலிக் கார்டு என்றால் பெரும்பாலும் அதுவே எழுதிக் காட்டிவிடும். பிறகு 15 நிமிடம் முழுச் சுமையில் ஓட விடுங்கள். ஃபேனில் கரகர சத்தம், திரையில் புள்ளிகள், கிளாக் படிப்படியாக இறங்குவது, இதில் எது வந்தாலும் எழுந்து வந்துவிடலாம். மாட்டிக் காட்ட மாட்டேன் என்றால் அதற்கு முன்பே எழுந்து வந்துவிடலாம்.

விலை, புது 4060-ஐவிட மூன்றில் ஒரு பங்காவது குறைவாக இருந்தால்தான் பழைய 3060-ஐத் தொடுவேன். ஏஐ வேலை என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

என்னிடம் 3060 இருக்கிறது. 4060-க்கு மாறலாமா?

கூடாது. 20 சதவீத வேகத்துக்காக 4 ஜிபியை விட்டுக்கொடுப்பது கார்டு மாற்றுவதற்கான காரணம் ஆகாது.

லேப்டாப்பில் இதே பெயர்கள் இருக்கின்றனவே, இதே கணக்குதானா?

இல்லை. லேப்டாப் 3060-இல் 6 ஜிபிதான், லேப்டாப் 4060-இல் 8 ஜிபி. அங்கே மெமரியிலும் புதுசுதான் மேல். வாட் அளவை மட்டும் பாருங்கள். லேப்டாப் 4060-ஐ 35 வாட்டிலும் விற்கிறார்கள், 115 வாட்டிலும் விற்கிறார்கள், ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றே.

5060 வந்துவிட்டது. இன்னும் ஏன் இந்தப் பேச்சு?

2025 மே மாதம் 299 டாலருக்கு வந்த 5060, 4060-ஐவிடக் கண்டிப்பாக வேகம். ஜிடிடிஆர்7 மெமரி, நொடிக்கு 448 ஜிபி. அளவு என்னவோ அதே 8 ஜிபி, லேனும் அதே எட்டு. கடையில் 4060-ம் 5060-ம் ஒரே விலைக்கு நின்றால் 5060-ஐ எடுங்கள். மெமரிதான் உங்கள் கவலை என்றால் 5060 பதில் இல்லை. 5060 டிஐ 16 ஜிபி, ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, இன்டெலின் பி580 12 ஜிபி ஆகியவற்றைப் பாருங்கள். பி580 எடுப்பதானால் போர்டில் ரீசைசபிள் பார் (ப்ராசசர் கார்டின் முழு மெமரியையும் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இருக்க வேண்டும், பழைய ப்ராசசரோடு அது சரியாக ஓடாது.

டாலர் விலையை அப்படியே ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அமெரிக்க விலையில் வரி சேராது. இங்கே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கிக்கொள்ளுங்கள், கார்டின் சீரியல் நம்பர் அதில் எழுதியிருக்க வேண்டும். வாரன்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.